நார்வே ஓவியர்களும் அவர்களுடைய ஊரும்

வேலை விஷயமாக ஒஸ்லோ போகிறீர்கள். மூன்று நாள் கையில் இருக்கிறது. நார்வே கலை என்றால் எட்வர்ட் மூங்க் வரைந்த 'அலறல்' ஒன்றுதான் தெரியும், அவருக்கு முன்னும் பின்னும் யார் இருந்தார்கள், இன்று யார் இருக்கிறார்கள், எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் பதில் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

நார்வே கலையைப் பற்றிப் பேசுகிற பலர் இருட்டு, குளிர், மனச்சோர்வு என்ற மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிபட்ட இழை வேறு. அது ஊர். படிக்கவும் பிழைக்கவும் ஊரை விட்டுப் போனவர்கள், போன இடத்தில் ஊரை நினைத்து வரைந்தவர்கள், திரும்பி வந்து அதே ஏரியையும் அதே மலையையும் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், கடைசியாக "இந்த மண் யாருடையது?" என்று கேட்கிறவர்கள். இந்த வரிசையில் பார்த்தால் மூங்க்கும் இன்னும் நன்றாகப் புரிவார்.

ஏன் போக வேண்டியிருந்தது? 1814 வரை நார்வே டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது. அதன்பின் 1905 வரை ஸ்வீடனோடு பொதுவாக ஒரே அரசர். சொந்த அரசவை இல்லை, படம் வாங்கும் பிரபுக்கள் கூட்டமும் பெரிதாக இல்லை. ஓவியத்துக்கான அரசு அகாதமி 1909இல்தான் வந்தது. அதனால் 19ஆம் நூற்றாண்டு முழுக்க, படம் வரைய ஆசைப்பட்ட பிள்ளை கப்பலேறி கோபன்ஹேகன், டிரெஸ்டன், டூஸல்டோர்ஃப், மியூனிக், பாரிஸ் என்று ஏதாவது ஒரு வெளியூர் போயே ஆக வேண்டும். அதற்காக அதற்கு முன் அங்கே கலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 9ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்டு 1904இல் தோண்டியெடுக்கப்பட்ட ஓசபெர்க் கப்பலின் மரச் செதுக்கல்களையும், 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஊர்னெஸ் மரத் தேவாலயத்தின் சுவரில் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக்கொள்ளும் விலங்குருவங்களையும் பார்த்தால், மரத்தைக் கையாளத் தெரிந்த கைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தன என்பது தெரியும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற ஓவியம்தான் அவர்களுக்குத் தாமதமாக வந்தது.

அதைத் தொடங்கிவைத்தவர் யோகான் கிறிஸ்டியன் டால். 1788இல் பெர்கனில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தவர். கோபன்ஹேகனில் படித்து, 1818இல் ஜெர்மனியின் டிரெஸ்டனுக்குப் போனவர், சாகும்வரை அங்கேதான் இருந்தார். 1823 முதல் அவர் குடியிருந்த வீட்டில்தான் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக்கும் இருந்தார். இருவரும் நண்பர்கள். ஆனால் ஃபிரீட்ரிக்கின் மலை தியானத்துக்கானது. டாலின் மலையில் ஆடு மேயும், புகை எழும், யாரோ விறகு வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

டிரெஸ்டனில் குடியேறிய பிறகு டால் நார்வேக்கு ஐந்து முறைதான் வந்துபோனார். மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்திருக்கும் ஃபியோர்டு பகுதிகளில் நடந்து, குறிப்புப் படங்களை எடுத்துக்கொண்டு டிரெஸ்டன் திரும்புவார். அவற்றை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக வரைவார். 'ஸ்டால்ஹைமிலிருந்து' என்ற அவருடைய பெரிய ஓவியம் 1842இல் முடிந்தது. அதற்கான குறிப்புகள் 1826 பயணத்தில் எடுத்தவை. பதினாறு வருடம் ஒரு பள்ளத்தாக்கை மனதில் வைத்திருந்திருக்கிறார். அந்தப் படத்தில் மழை நின்ற வெளிச்சமும் வானவில்லும் கீழே தெரியும் சின்ன வீடுகளும் கொஞ்சம் அதிகப்படியான அழகோடு இருப்பதற்கு அந்தப் பிரிவுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

டாலை நான் இவ்வளவு மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வால்ட்ரெஸ் பகுதியில் வாங் என்ற ஊர்க்காரர்கள் தங்களுடைய பழைய மரத் தேவாலயத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகப் பெரியது கட்ட முடிவு செய்தார்கள். அதைக் காப்பாற்ற டால் பலரிடம் கேட்டுப் பார்த்தார், உள்ளூரில் யாரும் முன்வரவில்லை. கடைசியில் 1841இல் பிரஷ்ய அரசருக்காக ஏலத்தில் எடுத்து, பலகை பலகையாகக் கழற்றி அனுப்பினார்கள். இன்று அது போலந்தில், கார்பாச் என்ற மலையூரில் நிற்கிறது. அந்த வேதனைக்குப் பின் 1844இல் உருவான பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கத்தின் பின்னாலும் டால் இருந்தார். ஊர்னெஸ் தேவாலயம் இன்றும் அந்தச் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. நாட்டுக்கென ஒரு ஓவியக் காட்சியகம் வேண்டும் என்று அரசை விடாமல் கேட்டவரும் அவரே. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவும் செய்தார்.

டாலுக்கு அடுத்து எல்லோரும் சொல்லும் படம் 'ஹார்டாங்கரில் மணமகள் ஊர்வலம்' (1848). மனிதர்களை அடால்ஃப் டீடமான்ட் வரைந்தார், மலையையும் நீரையும் ஹான்ஸ் கூடே வரைந்தார். இருவரும் டூஸல்டோர்ஃபில் இருந்தவர்கள். வெள்ளிக் கிரீடம் வைத்த மணப்பெண், படகு, பளிங்கு போன்ற நீர், தூரத்தில் தேவாலயம். அடுத்த வருடமே கிறிஸ்டியானியா நாடக அரங்கில் இந்தக் காட்சியை மனிதர்களை வைத்து மேடையில் அமைத்து, அதற்குப் பாட்டும் இசையமைத்தார்கள். (கிறிஸ்டியானியா என்பது ஒஸ்லோவின் பழைய பெயர். 1925இல்தான் மாறியது.) படம் அழகுதான். நான் அதன் முன் நீண்ட நேரம் நிற்பதில்லை. அந்தப் படகில் போகிற ஒருவருக்கும் கை காய்த்திருப்பதாகத் தெரியவில்லை.

என்னை நிற்க வைப்பவர்கள் அதே காலத்தில் ஓரங்கட்டப்பட்ட இரண்டு பேர்.

ஒருவர் பேடர் பால்கே (1804–1887). ஏழைக் குடியானவப் பிள்ளை. 1832இல் நார்வேயின் வடகோடி வரை போய்வந்தார். அந்தப் பயணத்தில் பார்த்த பாறையும் புயலும் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. பிரெஞ்சு அரசர் லூயி பிலிப் தன் இளமையில் நாடுகடத்தப்பட்டிருந்தபோது அதே வடக்கில் சுற்றியவர். பால்கேயின் குறிப்புப் படங்களைப் பார்த்ததும் ஓவியங்கள் செய்துதரச் சொன்னார். 1848இல் புரட்சி வெடித்து அரசர் ஓடினார், பால்கேக்கு வந்த வாய்ப்பும் போனது. பிறகு ஓவியத்தைப் பிழைப்பாக வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு, கிறிஸ்டியானியாவின் ஓரத்தில் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு அமைக்கும் வேலையில் இறங்கினார். தனக்காக மட்டும் உள்ளங்கை அளவுப் படங்கள் செய்தார். கறுப்பு வெள்ளையில், தூரிகையாலும் விரலாலும் ஈரத்தைத் துடைத்துத் துடைத்து எடுத்த கடல்கள். எப்போதாவது அவற்றை நேரில் பார்க்க வாய்த்தால் கிட்டப்போய்ப் பாருங்கள். நேற்று யாரோ செய்த வேலை போல இருக்கும்.

இன்னொருவர் லார்ஸ் ஹெர்டர்விக். இவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். 1830இல் ஸ்டவாங்கருக்கு வடக்கே போர்கோயா என்ற தீவில், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். திறமையைக் கண்ட ஊர்ப் பெரியவர்கள் சிலர் பணம் போட்டு டூஸல்டோர்ஃபுக்கு அனுப்பினார்கள். அங்கே கூடேயிடம் படித்தார். இரண்டு வருடத்தில் மனம் நிலைகுலைந்து திரும்பி வந்தார். 1856இல் கிறிஸ்டியானியாவின் கௌஸ்டாட் மனநல விடுதியில் சேர்த்தார்கள். இனி குணமாகாது என்று 1858இல் வெளியே அனுப்பினார்கள். அதன்பின் நாற்பத்து நான்கு வருடம் உயிரோடிருந்தார். பெரும்பகுதி ஸ்டவாங்கரில், ஏழைகளுக்கான உதவித்தொகையில்.

எண்ணெய் வண்ணமும் கான்வாஸும் வாங்கக் காசில்லை. புகையிலை சுற்றிய தாள், சுவரொட்டுத் தாள், கிடைத்த துண்டுக் காகிதங்கள் எல்லாவற்றையும் ரை தானிய மாவுப் பசையால் ஒட்டி, அதன்மேல் நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்தக் காகிதங்களில் அவர் எழுப்பிய வானத்தைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். மேகம் மேலே ஒன்று, நீரில் அதன் நிழல் இன்னொன்று, நடுவே தீவு எங்கே முடிகிறது என்றே தெரியாது. எங்கும் ஒரு நீலமும் வெளிறிய மஞ்சளும். பிறந்த தீவு, சின்ன வயதில் பார்த்த கடற்கால், முறிந்த பைன் மரங்கள், திரும்பத் திரும்ப அவைதான். 1902இல் இறந்தபோது அவரை ஓவியராக நினைத்தவர்கள் அதிகமில்லை. 1914இல் அரசியலமைப்பின் நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் அவருடைய படங்கள் மாட்டப்பட்டபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. 2023இல் நோபல் பரிசு பெற்ற யூன் ஃபொஸ்ஸே இவருடைய வாழ்க்கையை வைத்து நாவல் எழுதியிருக்கிறார். ஸ்டவாங்கர் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் இவருடைய படங்கள் நிறைய உண்டு. மூன்று நாளில் முடியாதுதான். ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

சரி, 1880களுக்கு வருவோம். வெளியூரில் படித்தவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். வந்ததும் சண்டைதான். படங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓவியர்களுக்கு வேண்டும், வியாபாரிகளும் அதிகாரிகளும் நடத்தும் கலைச் சங்கத்துக்கு வேண்டாம் என்று கிறிஸ்டியன் குரோக், ஃபிரிட்ஸ் தௌலோ, எரிக் வேரன்ஷோல்ட் ஆகியோர் முன்னின்று சங்கத்தைப் புறக்கணித்தார்கள். 1882இல் தாங்களே ஓர் இலையுதிர்காலக் கண்காட்சி தொடங்கினார்கள். இரண்டு வருடத்தில் அரசு அதற்கு நிதி கொடுத்தது. அந்தக் கண்காட்சி இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. நீங்கள் செப்டம்பரில் போனால் பார்க்கலாம்.

குரோக்கின் 'ஆல்பர்டீன்' (1885–87) ஒஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்று மீட்டருக்கு மேல் அகலம். அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைக் காவல்துறை பதிவு செய்து, காவல் மருத்துவரிடம் கட்டாயப் பரிசோதனைக்கு அனுப்பும் முறை இருந்தது. படம் அந்த மருத்துவரின் அறைக்கு வெளியே உள்ள காத்திருப்பு இடம். முன்னால் பட்டும் இறகுத் தொப்பியுமாகப் பெண்கள். ஆல்பர்டீன் எங்கே என்று தேட வேண்டும். பின்னால், கதவருகே, எளிய உடையில், தலையில் துணி கட்டிக்கொண்டு, உள்ளே போகப் போகிறவள்தான் அவள். பக்கத்தில் காவலர். தலைப்பில் பெயர் இருக்கிறவளைக் கூட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த அந்தத் தீர்மானம்தான் இந்தப் படத்தின் உயிர். தையல் வேலை செய்த பெண் எப்படி அந்தக் கதவு வரை வந்தாள் என்பதை அதே தலைப்பில் நாவலாகவும் எழுதினார் குரோக். 1886 டிசம்பரில் வெளிவந்த கையோடு அதைப் பறிமுதல் செய்தார்கள், அவருக்கு அபராதமும் போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டார்கள். 1888இல் நகரத்தில் அந்தப் பதிவு முறையையே ரத்து செய்தார்கள். ஓர் ஓவியமும் ஒரு நாவலும் அதில் பங்கெடுத்தன என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே அருங்காட்சியகத்தில் ஹாரியட் பாக்கரைத் தவறவிடாதீர்கள். பெண்களை அகாதமியில் சேர்க்காத காலத்தில் மியூனிக்கிலும் பாரிஸிலும் தனியாகப் பணம் கட்டிப் படித்தவர். 'நீல அறை' (1883) என்ற படத்தில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். வெளிச்சம் உள்ளே வந்து நாற்காலியில் பட்டு, தரையில் விழுந்து, சுவரில் நீலமாக மாறுவதை நீங்கள் கூடவே போய்ப் பார்க்கலாம். பாக்கர் பல வருடம் சொந்தமாக ஓவியப் பள்ளி நடத்தினார். அகாதமியே இல்லாத ஊரில் அடுத்த தலைமுறையில் பாதிப்பேர் அவர் கையால் வளர்ந்தவர்கள். அவருடைய நெருங்கிய தோழி கிட்டி ஷெலான், ஸ்டவாங்கருக்குத் தெற்கே மரமே இல்லாத கரிச் சதுப்பு நிலத்தை வரைந்தார். அருவியும் சிகரமும் இல்லாத நார்வேயை வரையலாம் என்று காட்டியவர் அவர்தான்.

இப்போது மூங்க். 1863இல் பிறந்தவர். ஐந்து வயதில் அம்மா காசநோயில் போனார். பதின்மூன்று வயதில் அக்கா சோஃபி, அதே நோய். நோய்ப்படுக்கைக் காட்சி அப்போது பலர் வரைந்ததுதான். குரோக்கே வரைந்திருக்கிறார். மூங்க் 'நோயுற்ற சிறுமி'யை (1885–86) வண்ணம் பூசி, சுரண்டி, திரும்பப் பூசி, கத்தி முனையால் கீறிக் கீறி ஒரு வருடம் போல உழைத்தார். கண்காட்சியில் பார்த்தவர்கள் முடிக்காத படம் என்று சிரித்தார்கள். தலையணையின் வெளிச்சத்தில் சிறுமியின் பக்கவாட்டு முகமும், அருகே குனிந்துவிட்ட பெரியவளின் தலையும் மட்டும் போதும் என்று அவர் முடிவெடுத்திருந்தார். அதே படத்தை நாற்பது வருடத்தில் இன்னும் ஐந்து முறை வரைந்தார்.

'அலறல்' பற்றி ஒரு தவறான புரிதல் உலகம் முழுக்க இருக்கிறது. அந்த உருவம் அலறுகிறது என்று நினைக்கிறோம். மூங்க் தன் குறிப்பில் எழுதியது வேறு. இரண்டு நண்பர்களோடு நடந்துகொண்டிருக்கிறார், சூரியன் மறைகிறது, வானம் இரத்தச் சிவப்பாகிறது, நண்பர்கள் நடந்து போய்விடுகிறார்கள், அவர் நடுங்கி நின்றுவிடுகிறார், இயற்கையின் ஊடாக முடிவில்லாத ஓர் அலறல் போவதை உணர்கிறார். அப்படியானால் கைகள் காதைப் பொத்துகின்றன. அலறுவது வானமும் நீரும். கோடுகளைப் பாருங்கள், வானத்தில் தொடங்கிய அலை ஃபியோர்டில் இறங்கி அந்த உடம்புக்குள்ளேயே வளைகிறது. பாலமும் தூரத்தில் போகும் இரண்டு பேரும் மட்டும் நேர்க்கோட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

வண்ணத்தில் நான்கு 'அலறல்'கள் உண்டு. 1893இல் அட்டையில் செய்த புகழ்பெற்ற படம் தேசிய அருங்காட்சியகத்தில். மெழுகுக் கோலால் செய்த இன்னொரு 1893 படமும், 1910இல் வரைந்ததும் மூங்க் அருங்காட்சியகத்தில். 1895இன் பேஸ்டல் படம் 2012இல் ஏலத்தில் கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்குப் போனது. இவை தவிர, கல்லச்சில் போட்ட படமும் உண்டு. 1893 படத்தின் மேல் மூலையில் 'பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும்' என்று பென்சிலில் மிகச் சின்னதாக எழுதியிருக்கிறது. யாரோ பார்வையாளர் கிறுக்கியது என்றே நீண்டகாலம் நினைத்தார்கள். 2021இல் அகச்சிவப்பு ஒளியில் ஆராய்ந்து, அது மூங்க்கின் கையெழுத்தே என்று அருங்காட்சியகம் அறிவித்தது. தன்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னதைத் தானே எடுத்து எழுதிவைத்திருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

மூங்க் அருங்காட்சியகத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். அட்டையும் காகிதமும் வெளிச்சம் தாங்காது என்பதால் அங்குள்ள மூன்று 'அலறல்'களில் (இரண்டு வண்ணப் படங்கள், ஒரு கல்லச்சு) ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறந்து வைப்பார்கள், மற்ற இரண்டும் மூடியிருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாறும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்ற தளங்களைச் சுற்றி வந்து அடுத்ததைப் பாருங்கள். 1940இல் எழுதிய உயிலில் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் ஒஸ்லோ நகரத்துக்கே கொடுத்துவிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்கள், 15,000க்கும் மேற்பட்ட அச்சுப் படங்கள். அப்போது நார்வே ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அதற்குச் சில வருடம் முன்புதான் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 82 படைப்புகளை 'சீரழிந்த கலை' என்று அகற்றியிருந்தார்கள்.

துயரம் மட்டும்தான் மூங்க் என்று திரும்பிவிடாதீர்கள். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் விழா மண்டபத்தில் அவருடைய 'சூரியன்' இருக்கிறது. 7.80 மீட்டர் அகலம். 1908இல் மனமுடைந்து கோபன்ஹேகனில் சிகிச்சை பெற்றுவிட்டு ஊர் திரும்பி, கிராகரோ என்ற கடற்கரை ஊரில் குடியேறியபின் வரைந்தது. பாறைகளுக்கு மேல் சூரியன் எழுந்து, கதிர்கள் உங்கள் மேலேயே வந்து விழும். மண்டபம் எப்போதும் திறந்திருக்காது. விசாரித்துக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்து ஊரிலேயே தங்கியவர்களில் எனக்கு மிக நெருக்கமானவர் நிக்கொலாய் அஸ்ட்ரூப் (1880–1928). மேற்கு நார்வேயின் யோல்ஸ்டர் ஏரிக்கரையில் பாதிரியார் மகன். ஒஸ்லோவில் பாக்கரிடமும் பாரிஸில் குரோக்கிடமும் படித்தார். உலகம் பார்த்துவிட்டுத் தன் ஏரிக்கே திரும்பினார். ஆஸ்துமாவால் இரவெல்லாம் தூங்க முடியாத உடம்பு. கோடையில் அங்கே நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், அந்த வெளிச்சத்தில்தான் அவருடைய படங்கள் பல நடக்கின்றன. நடுக்கோடையில் யோவான் திருநாளன்று மலைச்சரிவில் தீ மூட்டி ஆடுவார்கள். அது பழைய தெய்வ வழிபாட்டின் மிச்சம் என்று அப்பா பிள்ளைகளைப் போகவிடவில்லை. தூரத்தில் நின்று பார்த்த அந்தத் தீயை அவர் சாகும்வரை வரைந்துகொண்டிருந்தார். அநேகமாக எல்லாப் படத்திலும் ஆடுகிறவர்களுக்கு வெளியே, பார்ப்பவரின் இடத்தில்தான் நாம் நிற்கிறோம்.

அவருடைய மரச்செதுக்கு அச்சுகள் தனி உலகம். ஒரே படத்துக்குப் பல மரக்கட்டைகள். ஒவ்வொரு பிரதியிலும் வண்ணத்தை மாற்றுவார், அச்சானபின் தூரிகையாலும் தொடுவார். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. வயலில் கதிர்க்கட்டு காய வைக்கும் கம்பங்கள் நிலா வெளிச்சத்தில் பூதங்களாக நிற்கும். 1913 முதல் ஏரியின் தென்கரையில் செங்குத்தான சரிவில் நிலத்தைப் படிக்கட்டாகத் திருத்தி, மனைவி எங்கெலோடும் எட்டுக் குழந்தைகளோடும் அவர் வாழ்ந்த வீடு இன்றும் அப்படியே காட்சியகமாக இருக்கிறது. படங்கள் பெர்கனின் கோடே அருங்காட்சியகத்தில் நிறைய உண்டு.

பாக்கரின் இன்னொரு மாணவர் ஹாரால்ட் சூல்பெர்க். அவருடைய 'ரோன்டானேயில் குளிர்கால இரவு' (1914) நீல மலைகளும் ஒற்றை நட்சத்திரமுமாக இருக்கும். 1995இல் வானொலி நேயர்கள் வாக்களித்து அதைத்தான் நாட்டின் ஓவியமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1899இல் அந்த மலையை முதன்முதலில் பார்த்தவர், பதினைந்து வருடம் அதையே திரும்பத் திரும்ப வரைந்து பார்த்துத்தான் இந்தப் படத்துக்கு வந்து சேர்ந்தார்.

வீகலான்ட் பூங்காவுக்கு எப்படியும் உங்களை யாராவது அழைத்துப் போவார்கள். குஸ்தாவ் வீகலான்ட்டின் 200க்கும் மேற்பட்ட சிற்பங்கள், நடுவே 121 உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிய ஒற்றைக்கல் தூண். மூன்று கல்தச்சர்கள் பதினான்கு வருடம் செதுக்கினார்கள். 1921இல் நகரத்தோடு ஓர் ஒப்பந்தம்: வேலை செய்யவும் குடியிருக்கவும் நகரம் கட்டடம் தரும், அவர் செய்கிற எல்லாமே நகரத்துக்குச் சொந்தம். எனக்கு அந்தப் பூங்கா கொஞ்சம் கனம் அதிகம். அந்த ஒப்பந்தத்தின் மேல் மட்டும் பொறாமை உண்டு.

ஹன்னா ரிக்கனைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. 1894இல் ஸ்வீடனில் பிறந்து, நார்வே ஓவியர் ஒருவரை மணந்து, 1924இல் ட்ரோன்ட்ஹைம் அருகே ஓர்லான்ட் என்ற கடலோரக் கிராமத்தில் சின்னப் பண்ணை வைத்துக் குடியேறியவர். கணவர் செய்துகொடுத்த தறி. தானே நூற்ற கம்பளி. செடி, வேர், பாசியிலிருந்து காய்ச்சிய சாயம். நீலத்துக்கு அவுரியைச் சிறுநீரில் ஊறவைத்து நொதிக்கவிடும் பழைய முறை. அதற்காக வீட்டுக்கு வருகிறவர்களிடமும் கேட்டு வாங்கிச் சேர்ப்பார். தாளில் வரைந்து வைத்துக்கொள்ளாமல் நேரே தறியில் நெய்வார்.

அந்தத் தறியில் அவர் நெய்தது பூவும் கொடியும் இல்லை. முசோலினி எத்தியோப்பியாவைத் தாக்கியதும் 'எத்தியோப்பியா' (1935) நெய்தார். அதில் ஓர் ஆப்பிரிக்க வீரனின் ஈட்டி முசோலினியின் தலையில் குத்தி நிற்கும். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில் நார்வே அரங்கில் அதைத் தொங்கவிட்டபோது, இத்தாலி கோபித்துக்கொள்ளுமோ என்று அந்தப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டார்கள். போரின்போது 1942 அக்டோபர் 6ஆம் தேதி ட்ரோன்ட்ஹைம் நாடக அரங்கின் தலைவர் ஹென்ரி கிளெடிட்ஷை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள். ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தேதியைத் தலைப்பாக வைத்து ஒரு நெசவு செய்தார். 1944இல் அவர் கணவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1958இல் அரசுத் தலைமைக் கட்டடத்துக்காக 'நாம் ஒரு நட்சத்திரத்தில் வாழ்கிறோம்' என்ற பெரிய நெசவு செய்தார். 2011 ஜூலை 22 குண்டுவெடிப்பில் அது கிழிந்தது. பழுதுபார்த்தவர்கள் அதை நூல் நூலாகச் சேர்த்தார்கள்.

போருக்குப் பிந்தைய காலத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1948இல் நார்வே ஒரு சட்டம் போட்டது. பொதுவில் ஓர் ஓவியம் விற்றால், வரைந்தவர் உயிரோடிருந்தாலும் இல்லாவிட்டாலும், விலையில் ஒரு சிறு பங்கு கலைஞர்களுக்கான உதவி நிதிக்குப் போகும். தொடக்கத்தில் 3 சதவீதம், இப்போது 5. ஹெர்டர்விக்கின் புகையிலைத் தாளை நினைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைப் படித்தால் அதன் அருமை தெரியும். இன்று அங்கே ஐடா எக்பிளாட், வனெஸா பேர்ட் போன்ற ஓவியர்கள் கையை அடக்காமல் வேலை செய்ய முடிவதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளும் காரணம்.

ஆனால் 'ஊர்' என்று நான் இதுவரை சொல்லிவந்ததில் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது. வடக்கே பனிமான் (ரெயின்டீர்) மேய்த்தும் மீன்பிடித்தும் வாழ்ந்துவந்த ஸாமி மக்கள். பால்கே 'யாருமில்லாத இயற்கை' என்று வரைந்த வடக்கு அவர்களுக்கு வீடு. அவர்களுடைய மொழியைப் பள்ளிகளில் தடுத்து, அவர்களை நார்வேஜியர் ஆக்குவதை அரசு நூறு வருடத்துக்கு மேல் கொள்கையாகவே வைத்திருந்தது. 1902இல் பிறந்த யோன் சாவியோ சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். மந்தையும் மேய்ப்பரும் பனிக்காற்றுமாக மரச்செதுக்கு அச்சுகள் செய்து, 1938இல் ஒஸ்லோவில் காசநோயால் வறுமையில் இறந்தார். இன்று கிர்க்கெனஸ் நகரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1978இல் மாஸே என்ற கிராமத்தில் இளம் ஸாமி ஓவியர்கள் எட்டுப்பேர் ஒன்றுசேர்ந்தார்கள். ஆல்டா ஆற்றில் கட்டத் திட்டமிட்ட அணையின் முதல் வரைபடத்தில் மூழ்கிப்போக இருந்த கிராமம் அதுவேதான். அந்தக் குழுவில் இருந்த பிரித்தா மராகட் லப்பா, ஸாமிகளின் வரலாற்றைச் சுமார் 24 மீட்டர் நீள வெள்ளைத் துணியில் ஊசி நூலால் தைத்தார். அது ட்ரோம்ஸோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

மாரெட் ஆன்னே சாரா அடுத்த தலைமுறை. பனிமான் மேய்க்கும் குடும்பம். மேய்ச்சல் நிலம் தாங்காது என்று சொல்லி, அவருடைய தம்பியின் மந்தையை 75ஆகக் குறைக்க அரசு உத்தரவிட்டது. அவ்வளவு சிறிய மந்தையை வைத்துப் பிழைக்க முடியாது என்று தம்பி வழக்குப் போட்டார். 2016 பிப்ரவரியில் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, நீதிமன்ற வாசலில் 200 பனிமான் தலைகளைக் குவித்து, உச்சியில் நார்வே கொடியை நட்டார் சாரா. கீழ் நீதிமன்றங்கள் இரண்டில் தம்பி வென்றார். 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அந்தச் சமயத்தில் நாடாளுமன்றத்தின் முன்னே 400 மண்டையோடுகளைக் கம்பியில் கோத்துத் திரையாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு நெற்றியிலும் சுட்ட துளை.

2022இல் திறந்த புதிய தேசிய அருங்காட்சியகத்தின் நுழைவுக் கூடத்தில் அந்தத் திரை தொங்குகிறது. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்களே, அங்கிருந்து தொடங்குங்கள். கிட்டப்போய்ப் பாருங்கள், எலும்புகள் ஒரே வெள்ளையாக இருக்காது. பழுப்பு, சாம்பல், தந்த நிறம் என்று தரம் பிரித்து ஸாமிக் கொடியின் வடிவம் வரும்படி கோத்திருப்பார். அப்புறம் மாடியேறிப் போய் டாலின் ஸ்டால்ஹைம் முன்னால் நில்லுங்கள்.